இருபது மாத்திரைகள்

அது என் நாய் இல்லை.
இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
பிற்பாடு யாரும் கேட்கக் கூடாது.

வால்பரைசோவில் நாய்கள் குன்றுக்குச் சொந்தம்.
தகரச் சுவர் வீடுகளுக்கு நடுவே
வெயில் விழும் படியாகப் பார்த்துப் படுத்திருக்கும்.
நாம்தான் தாண்டிப் போக வேண்டும்.
பத்தொன்பது வருஷம் தாண்டிப் போனேன்.

அதற்கு முன்னும் பின்னுமாக
முப்பத்தொரு வருஷம் துறைமுகத்தில் சுங்க மேசை.
பெயர், கப்பல், சரக்கு. குத்து முத்திரை.
ஓய்வு பெற்றபின் சில வாரங்களில்
என் வாசலுக்கு வந்த ஒரே சத்தம்
சிலிண்டரைத் தட்டிக்கொண்டு போகும் எரிவாயு வண்டி.
அது எனக்குக் குறையாகத் தெரியவில்லை.
குறை என்று தெரிவதற்கும் ஓர் ஆள் வேண்டும்.

ஜூன் மழையில் ஒரு விடியல், கதவைத் திறந்தால்
மிதியடிமேல் அது.
தேன் நிறம். ஒரு காது நிமிர்ந்திருந்தது, மற்றது யோசனையில்.
பின்னங்காலில் கம்பி கிழித்த காயம்.
கெஞ்சவில்லை, முனகவில்லை.
வரிசையில் நிற்கும் மாலுமி மாதிரி
தன் முறைக்குக் காத்திருந்தது.

காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, பத்து நாள்,
என்றார் மருத்துவர். தவறினால் கால் போய்விடும்.
நான் கணக்கில் தவறுகிறவள் இல்லை.

காலை மாத்திரைக்கு அது மிதியடியில் இருந்தது.
மாலை ஏழுக்கு இல்லை.

பாலாடைக்கட்டிக்குள் மாத்திரையை ஒளித்து
கைக்குள் பொத்திக்கொண்டு படியேறினேன்.
"தேன் நிறத்தில் ஒரு நாய். நொண்டும். பார்த்தீர்களா?"
"செனட்டரா?" என்றார் அடுப்பு பழுதுபார்க்கும் பவுதீலியோ.
"செவ்வாய்க்கிழமை அவர் ஒஹேதா சகோதரிகள் வீட்டில் இருப்பார்."
சகோதரிகளுக்கு அது ரொசித்தா.
(ஆணா பெண்ணா என்பதிலேயே குன்றில் இரண்டு கட்சி.)
பந்தடிக்கும் பையன்களுக்கு கோல்கீப்பர்.
ஹைத்தியிலிருந்து வந்து ரொட்டிக்கடையில் மாவு பிசையும்
விஸ்லிக்கு அது டுடு.
"எங்கள் பாஷையில் செல்லம் என்று அர்த்தம்.
இந்த ஊரில் அந்தச் சொல்லை
வேறு யாரிடமும் நான் சொன்னதில்லை."

நீங்கள் எப்படிக் கூப்பிடுவீர்கள், என்று கேட்டார்கள்.
ஏய், என்றேன்.
உங்கள் பெயர்?
மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து
எத்தனை ஆயிரம் பேரைக் கேட்டிருப்பேன்.
அந்தப் பக்கம் நின்றால் கொஞ்சம் கூசுகிறது.
பெயர்: நோல்ஃபா.
சரக்கு: ஒரு துண்டு பாலாடைக்கட்டி.

எங்கள் நாட்டில் மாலைத் தேநீருக்குப்
பதினொன்று என்று பெயர்.
ஏனென்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.
நான் அதை அடுப்பருகே நின்றபடி குடிக்கிறவள்.
நான்காம் நாள் ஒஹேதா வீட்டில் உட்கார்ந்து குடித்தேன்.
அப்புறம் ஸுனில்தாவின் கண்ணுக்குச் சொட்டு மருந்து.
பவுதீலியோ என் அடுப்பின் நீல நெருப்பைச் சரிசெய்துவிட்டு
காசு வேண்டாம் என்று சண்டை போட்டார்.
விஸ்லியின் வேலை அனுமதிப் படிவத்தை
மாவு ஒட்டிய மேசையில் வைத்து நிரப்பிக் கொடுத்தேன்.
எழுத்து இன்னும் நேராகத்தான் இருந்தது.

பத்தாம் நாள், இருபதாவது மாத்திரை.
பாலாடைக்கட்டியைத் தின்றுவிட்டு
மாத்திரையை மட்டும் என் செருப்பருகே வைத்தது.
காயத்தைப் பார்த்தேன்: ஆறி, மேலே புது மயிர்.
கணக்கில் ஒன்று இடித்தது.
போகட்டும் என்று விட்டேன்.
அப்படி நான் விட்டதே இல்லை.

மறுநாள் ஏழு மணி.
கொடுப்பதற்கு ஒன்றுமில்லை.
கால் தானாகச் செருப்பைத் தேடியது.

உன்னைக் காப்பாற்றத்தான் அது வந்தது, என்கிறாள் எல்சிரா ஒஹேதா.
எனக்கு அதில் நம்பிக்கையில்லை.
அதற்கு ஏற்கெனவே ஐந்து வீடு, நாலைந்து பெயர்.
கம்பி கிழித்த இரவில் மழைக்கு
என் கூரைதான் பக்கத்தில் இருந்தது. அவ்வளவுதான்.

இதோ, படியில் படுத்திருக்கிறது.
நான் வருவது தெரிந்தும் நகரவில்லை.
தாண்டவில்லை நானும்.
அதன் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது,
வெயிலும் இருக்கிறது.